வழியில் இருப்பவனிடம் சொல்லக் கூடாது

1

ஊரிலிருந்து போன் வந்தால் நான் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஜெர்மனியில் காலை காபி நேரம் என்றால் பெங்களூரில் அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம். அந்த நேரத்தில் என் அக்கா புஷ்பா கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் விஷயம் இருக்கிறது. "சும்மாதான்டா கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தால் விஷயம் பெரியது. "சாப்பிட்டியா?" என்று கேட்டு, நான் பதில் சொன்ன பிறகும் மறுபடி "சாப்பிட்டியா?" என்றால் பக்கத்தில் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. நல்ல செய்தியைக்கூட உரசிப் பார்த்துத்தான் வாங்குவோம். என் மனைவி மாலதி, ஊரிலிருந்து வருகிற போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். சிரிக்கிற முகங்களை விட்டுவிட்டு, பின்னால் அலமாரி மேல் மாத்திரை அட்டை தெரிகிறதா என்று தேடுவாள். "இங்க எல்லாரும் சௌக்கியம்" என்ற பேச்சை நாங்கள் இருவரும் முழுதாக நம்பி ரொம்ப வருடம் ஆகிறது.

இந்தக் குறிப்பை வழக்கம்போல ஜெர்மனியிலிருந்து எழுதவில்லை. தாம்பரத்தில் என் கல்லூரி நண்பன் ரவி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அவனுடைய புல்லட் நிற்கிறது. அதில்தான் கன்னியாகுமரி வரை இறங்கி, மேற்குக் கரையோரமாக ஏறி, வயநாடு, மைசூர், பெங்களூர் என்று தனியாகச் சுற்றிவிட்டு இன்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். பயணத்தைப் பற்றி எழுதுவதாகப் போன தடவை உங்களிடம் வாய் விட்டிருந்தேன். கடலும் மலையும் வழியில் தின்ற பரோட்டாவும் மனதில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கை பெங்களூர் அடுகோடியில் இருக்கிற அக்கா வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறது. இதை எழுதி முடிக்கிறவரை ஒரு போன் செய்யாமல் தள்ளிப்போடலாம் என்பதும் ஒரு காரணம்.

2

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வழியில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அவன் வந்து சேரவேண்டும், வண்டியை விட்டு இறங்கவேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும். அதற்குப் பிறகுதான் சொல்லலாம். சித்தப்பா ஒரு முறை ஓசூரில் டீ குடிக்க நின்ற இடத்தில், வீட்டுக்குப் போன் போட்டுத் தாத்தா இறந்த செய்தியைக் கேட்டுவிட்டார். அப்படியே ஸ்கூட்டரை எடுத்து ஓட்டி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டுவதற்குள் ஒரு மணல் லாரியின் பின்னால் போய் விழுந்தார். தோள் எலும்போடு போயிற்று. அன்றிலிருந்து சட்டம் அமலில் இருக்கிறது. குடும்பத்தில் யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டம் என் மேல் பாய்ந்தது அப்பா விஷயத்தில். அப்பா பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை காபி நேரத்தில் அக்கா கூப்பிட்டு, "அப்பாவுக்கு கால்ல அடிடா, பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. பயப்பட ஒண்ணுமில்ல. லீவு கெடச்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள். அப்போது எனக்குச் சந்தேகப்படத் தெரியாது. லீவு போட்டேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் மடக்கி நீட்டுகிற கைத்தடி ஒன்று வாங்கினேன். அப்பாவின் உயரம் என்ன என்று கடைக்காரப் பெண் கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் திருகி வைத்துக் கொடுத்தாள். இறுக்கமாக இருக்கிறதா என்று நான் வேறு தரையில் ஊன்றிப் பார்த்தேன்.

அடுகோடியில் எங்கள் தெரு முனையில் டாக்ஸி திரும்பியபோது நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. பக்கத்தில் சாமியானா துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்திருந்தது. நான் கைத்தடியோடு இறங்கினேன். அக்காவின் கணவர் கஜேந்திரன் மாமா ஓடிவந்து என் கையிலிருந்து முதலில் அதைத்தான் வாங்கினார். "ப்ளேன்ல அத்தினி நேரம் தனியா உக்காந்துனு எப்படிடா வந்திருப்பே? அதான் சொல்லல" என்றார். கோபப்பட எனக்கு அப்போது தெம்பு இல்லை. கோபம் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு வந்தது. இன்னும் போகவில்லை.

ஜெர்மனியில் எல்லாம் நேர்ப் பேச்சு. எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் ஒரு நாள், "என் மனைவிக்குப் புற்றுநோய், வியாழக்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை மீட்டிங்கை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்து வைத்துக்கொண்டான். முதலில் அவனுக்குக் கல் மனசு என்று எனக்குத் தோன்றியது. பிறகு பொறாமையாக இருந்தது. அவனை யாரும் கைத்தடி வாங்க வைக்கமாட்டார்கள். என் மகள் யாழினியும் அந்த ஊர்ப் பிள்ளைதான். பள்ளி முடிந்ததும், "நான் பெர்லினில் படிக்கப் போகிறேன், இனிமேல் வாராவாரம் வரமாட்டேன், நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று சாப்பாட்டு மேஜையில் ஜெர்மனில் சொன்னாள். நான் தமிழில் பதில் சொல்ல, அவள் ஜெர்மனில் தொடர, மாலதி ரசத்தைச் சூடு பண்ணுகிறேன் என்று எழுந்து போனாள். வலித்தது. ஆனால் துருவிப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

அதனால் அப்பாவின் திதி ஒன்றின்போது போனில் அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். "இனிமே எதுவா இருந்தாலும் எனக்கு நேரா சொல்லணும். வழில இருந்தாலும் சரி, வானத்துல இருந்தாலும் சரி."

"சரிடா, சொல்றேன்" என்றாள், உடனே.

அவ்வளவு சுலபமாக அக்கா எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் இடித்தது.

3

இந்த வயதில் எதற்கு மோட்டார் சைக்கிள் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். யாழினி போன பிறகு வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது, நாங்கள் இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம், அதுதான் காரணம். வாலிபத்தில் ஓட்டாத வண்டியை இப்போது ஓட்டுவோம் என்று நினைத்தேன். ஜெர்மனியில் அது நினைத்ததும் நடக்கிற காரியமில்லை. கண் பரிசோதனைக்கு ஓர் இடம், முதலுதவி வகுப்புக்கு ஓர் இடம். அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தால், போட்டோவில் நான் லேசாகச் சிரிக்கிறேன் என்று திருப்பி அனுப்பினார்கள். ஓட்டுத் தேர்வில் பரிசோதகர் பின்னால் காரில் வந்துகொண்டே காதில் கட்டளை கொடுப்பார். வலது என்று ஜெர்மனில் அவர் சொன்னதை நான் பயத்தில் தமிழாக்கி, தமிழைக் கையாக்கி, இடது பக்கம் திரும்பினேன். முதல் முறை பெயில். இரண்டாம் முறை தேறினேன். "எங்கயாவது தனியா போய்ட்டு வா. இந்த வீட்டையும் என்னையும் எத்தனை நாள் மாத்தி மாத்திப் பாத்துனு இருப்பே?" என்று மாலதிதான் அனுப்பி வைத்தாள்.

வழி நெடுக என்னைப் பார்த்தவர்கள் முதலில் பின் சீட்டைப் பார்த்தார்கள். கடலூரில் பெரியப்பா மகள் சரோஜா வீட்டில் ஒரு வேளை தங்கினேன். "தனியாவா வந்தே? மாலதி எங்க?" என்று வாசலில் கேட்டாள். உள்ளே போனதும் கேட்டாள். இலை போட்ட பிறகும் கேட்டாள். மாலதிக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டிய விதத்தில், எங்களுக்கு விவாகரத்து ஆகி ஆறு மாதம் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது. ஜெர்மன் டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் பாயசம் வேண்டாம் என்றேன். கிளம்பும்போது எல்லோரையும் வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். "சரி, போறேன்" என்று ஹெல்மெட்டை மாட்டினேன். "போயிட்டு வரேன்னு சொல்லுடா, பாவி" என்று சரோஜா பதறினாள். இத்தனை வருடம் அந்த ஊரில் 'போகிறேன்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரோஜா எடுத்துக்கொண்டாள் என்பது பெங்களூர் போன பிறகுதான் தெரிந்தது.

4

மைசூர் ரோட்டில் நுழைந்து, ஊர்ந்து ஊர்ந்து அடுகோடி சிக்னலுக்கு வந்தபோது போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். தமிழ்நாட்டு நம்பர் பிளேட். லைசென்ஸ் கேட்டார். நான் சாம்பல் நிறத்தில் சர்வதேச அனுமதிப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார். இந்த ஊர்தான், இதே அடுகோடிதான், அந்தச் சந்தில்தான் வளர்ந்தேன் என்று கன்னடத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். கன்னடம் பாதியில் நின்று, மிச்சம் ஜெர்மனில் வந்தது. அவர் என் முகத்தையும் புத்தகத்தையும் வண்டியையும் ஒரு முறை சேர்த்துப் பார்த்தார். எதுவும் எதோடும் பொருந்தவில்லை. நானாக இருந்தாலும் என்னை விட்டிருக்கமாட்டேன். கடைசியில் "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்டதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தெரு முனையில் திரும்பினால் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றன்மேல் ஒன்றாக.

வண்டி தானாக நின்றுவிட்டது. கிளட்ச்சை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. எதிர் வீட்டு வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ குழந்தைக்குப் பிறந்த நாள். எனக்கு மறுபடி வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலே பால்கனியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். "என்னாடா அங்கயே நின்னுட்டே? வா வா" என்று கையை ஆட்டினாள். உயிரோடு இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போது செய்தியாக இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. அக்கா இளைத்திருந்தாள். கேட்டால் "நடக்கறேன்டா தெனம்" என்பாள். கேட்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் அடுப்படிக்கு ஓடுகிறவள், சோபாவில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கஜேந்திரன் மாமா அடுப்படிக்குப் போனார்.

மாமாவை உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் குடிக்கிற மனிதர். அவர் உப்புமா கிண்டுவதை நான் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தேன். பேசிக்கொண்டே கையை நீட்டி, திரும்பிப் பார்க்காமல், மேல் தட்டில் இரண்டாவது டப்பாவை எடுத்து உப்புப் போட்டார். பெருங்காயம் எங்கே என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனிதன் ஒரே வாரத்தில் அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

5

அக்காவின் மகன் கார்த்தி ஐ.டி. வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். ஆனால் அவன் கண் லேப்டாப்பில் இல்லை, என் மேல் இருந்தது. நான் மாடிப்படி ஏறினால் பின்னால் வந்தான். நான் மாத்திரை போட்டுக்கொண்டால் அட்டையைத் தள்ளி நின்று படித்தான். அக்கா என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று பேரும் அடுப்படியில் கூடிக் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் போனால் உடனே சத்தமாகத் தக்காளி விலையைப் பேசுவார்கள். நான் அவர்களைக் கண்காணித்தேன், அவர்கள் என்னைக் கண்காணித்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு உளவுத் துறை.

மறுநாள் காலை கிளம்புவதாகத் திட்டம். வண்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. "இங்கயே ஒர்க்‌ஷாப் இருக்கு, தள்ளினு போலாம். ஸ்வல்ப வெயிட் பண்ணு, டிபன் சாப்ட்டுட்டுப் பாக்கலாம்" என்றார் மாமா. அவசரமே இல்லாத குரல். எனக்குக் குனிந்து பார்க்கத் தோன்றியது. ஸ்பார்க் பிளக் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதில் யாரோ அக்கறையாகச் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள், தூசி போகாமல். அந்தச் சுத்தத்திலேயே ஆள் மாமாதான் என்று தெரிந்துவிட்டது.

அதுவரை சந்தேகமாக இருந்தது அப்போது பயமாக மாறியது. என்னைப் போகவிடாமல் பிடித்து வைக்கிற அளவுக்கு அக்காவுக்கு என்ன? பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மாலதி. அங்கே விடியற்காலை. பெயரைப் பார்க்கும் முன்பே மணியைக் கணக்குப் போட்டிருந்தேன்.

"உனக்கு என்ன உடம்பு?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே."

"பொய் சொல்லாதே. நேத்துலேர்ந்து கார்த்தி மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பறான். மாமாவோட ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்கா, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கறான். எனக்குத் தெரியாம என்ன டெஸ்ட் எடுத்தே?"

நான் போனைக் கையில் பிடித்தபடி மாடிக்கு ஓடினேன். கூடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டது.

"எங்கிட்டயே மறைக்கறயேடா. பெரியப்பாவும் இப்டித்தானே செஞ்சாரு."

பெரியப்பா, சரோஜாவின் அப்பா. வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல், தனியாக பஸ் ஏறி, சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டு, எல்லோரோடும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியவர். அடுத்த மாதம் போய்விட்டார். அவர் சொல்லாமல் சொல்லிக்கொண்டு போனார் என்று பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யாரும் தனியாக உறவுக்காரர்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவதில்லை. நான் அதை மறந்தே போயிருந்தேன். தனியாக வந்தவன், பாயசம் வேண்டாம் என்றவன், போட்டோ எடுத்தவன், 'போறேன்' என்றவன். கடலூரிலிருந்து செய்தி எனக்கு முன்னாலேயே பெங்களூர் வந்து சேர்ந்திருக்கிறது.

"எத்தினி நாள் குடுத்திருக்காங்கடா?" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கு சுகர்க்கா. பார்டர்ல நிக்குது. அவ்ளோதான்."

"அதுக்குத்தான் ஊர் ஊரா போட்டோ எடுத்தியா?"

"யாழினிக்குக் காட்டத்தான் எடுத்தேன். அவளுக்கு இங்க ஒருத்தர் பேரும் தெரியாது."

போனில் மாலதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு கார்த்தி சிரித்தான். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் நான் விடவில்லை.

"என்னை விடு. உனக்கு என்னக்கா? நேரா சொல்லு. சத்தியம் பண்ணியிருக்கே."

"எனக்கு என்னா? கல்லு மாதிரி இருக்கேன்."

"மாமா உப்புமா பண்றாரு."

"ரிட்டயர் ஆகி சும்னே உக்காந்துனு பேப்பரைத் தின்னுனு இருந்தாரு. நான்தான் கிச்சன்ல தள்ளி விட்டேன். முட்டி வலிடா எனக்கு, நிக்க முடியல. அதான் டயட்டு, நடை, எல்லாம். போதுமா? இன்னும் என்னா வேணும் போலீஸ்காரருக்கு?"

எல்லாம் பொருந்தியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது. நான் நம்பினேன், எனக்கு நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எல்லோரும் சிரித்தபோது மாமா சிரிக்கவில்லை. "பிளக்கைப் போட்டுட்டு வரேன்" என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார்.

6

இன்று காலை கிளம்பினேன். மாமா முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எத்தனையோ முறை நான் இந்தத் தெருவிலிருந்து கிளம்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அக்கா தெரு முனை வரை கூடவே நடந்து வருவாள். ஆட்டோவோ டாக்ஸியோ கண்ணிலிருந்து மறைகிறவரை நிற்பாள். இன்று பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றாள். முட்டி வலி என்று சொல்லியிருந்தாள், சரிதான். "போயிட்டு வரேன்க்கா" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"போய்ச் சேந்ததும் கூப்பிடு. நடுவுல எங்கயும் நின்னு கூப்பிட வேணாம். சேந்ததும்."

ஓசூர் ரோட்டில் ஏறிய பிறகு அந்த வார்த்தை ஹெல்மெட்டுக்குள் சுற்ற ஆரம்பித்தது. என் அக்கா, நான் டீ குடிக்க நிற்கிற இடத்திலெல்லாம் போன் எதிர்பார்க்கிறவள். கிருஷ்ணகிரி வந்துட்டியா, வேலூர் தாண்டிட்டியா என்று நச்சரிப்பவள். நடுவில் கூப்பிடாதே என்று இதுவரை அவள் சொன்னதில்லை. நடுவில் கூப்பிட்டால் தன் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று பயப்படுகிறவள்தான் அப்படிச் சொல்லுவாள். ஆம்பூரில் பிரியாணிக் கடையில் நின்றேன். பார்சலாக அக்கா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் இருந்தது. பிரித்துச் சாப்பிட்டேன். அது அக்காவின் கை இல்லை. உப்பு மாமாவினுடையது.

வேலூர் தாண்டி, காஞ்சிபுரம் பக்கம் வருவதற்குள் கார்த்தியிடமிருந்து இரண்டு முறை மெசேஜ். 'ரீச் ஆயிட்டீங்களா மாமா?' நான் எப்போதும் பதில் போடாத ஆள் என்று அவனுக்குத் தெரியும். அவன் பக்கத்தில் பதிலுக்காகக் காத்திருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு யோசனையாக இருந்தது. சேரவேண்டும், இறங்கவேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். வேகத்தைக் குறைத்தேன். லாரிகள் என்னைத் தாண்டிப் போயின. நான் பாட்டுக்கு இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எந்த ஊருக்கும் போய்ச் சேரவேண்டாம் என்று முதல் முறையாக நினைத்தேன்.

எவ்வளவு மெதுவாகப் போனாலும் தாம்பரம் வந்துவிடுகிறது. ரவி வீட்டுக் கேட்டுக்குள் வண்டியைத் தள்ளி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ரவியின் மனைவி எனக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடும் முன்பே போன் அடித்தது. அக்கா.

"சேந்துட்டியாடா?"

நான் ஸ்டாண்ட் போட்ட வண்டியைப் பார்த்தேன்.

"வண்டிய நிறுத்திட்டியா? சாப்ட்டியா? ரவி பக்கத்துல இருக்காரா? சாப்ட்டியாடா?"

எனக்கு எல்லாம் நேராகச் சொல்லவேண்டும் என்று சத்தியம் வாங்கியவன் நான். கேன்டீன்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். கைத்தடிக்காக இன்றுவரை கோபம் வைத்திருக்கிறவன். என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இல்லக்கா. இன்னும் வழிலதான் இருக்கேன். ஸ்ரீபெரும்புதூர் கிட்ட ஒரே டிராஃபிக்."

அந்தச் சமயம் பார்த்து ஜன்னலுக்குள் குக்கர் நீளமாக விசில் அடித்தது. நெடுஞ்சாலை நடுவில் எந்த ஊரில் குக்கர் விசில் அடிக்கும்? அக்காவின் காது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி சொல்லுகிறவள். இரண்டாவது விசிலும் வந்து போயிற்று.

"சரிடா" என்றாள் அக்கா. "அவசரமில்ல. நிதானமா வா."